கமலாக்காவின் கருவாடும் என் காரும்

போன செவ்வாய்க்கிழமை காலை கமலாக்கா என் காரில் ஏறவில்லை.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். கமலாக்கா நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி. லண்டன் கோலியர்ஸ் வுட்டில் கீழ்த்தளத்தில் அவரும் கணவரும். மாடி அறையில் நானும் நண்பன் பவனும். அக்காவுக்குச் சட்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. எனக்கும் சட்டனில்தான் - ஒரு கல்லூரி ஆய்வுகூடத்தில் உதவியாளர். கார் வாங்கிய நாள்முதல் இருவரும் ஒன்றாகத்தான் போய்வந்தோம். பஸ் என்றால் வழியில் மாறி ஏற வேண்டும். அவருக்கோ வலது முழங்கால் சரியில்லை.

அப்படிப்பட்டவர், கொட்டுகிற மழையில், குடையை விரித்துக்கொண்டு, என் காரைத் தாண்டி பஸ் தரிப்பை நோக்கி நடந்தார். ஹோர்ன் அடித்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

காரணம், மணம்.

முதலில் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதின்மூன்று வயசு. பிஸ்கட் நிறம். பின்பக்கம் நீண்ட எஸ்டேட் ரகம். ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர் ஒருவரிடம் வாங்கினேன். ஒன்பது வருடமாக அவருடைய நாய்தான் பின்சீட்டில் பயணம் செய்ததாம். அதை அவர் ஒரு தகுதியாகவே சொன்னார். எனக்கும் அது குறையாகப் படவில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் சைக்கிளுக்கு மேல் போனதில்லை. எனக்கு நாய் ஏறிய கார் என்ன, குதிரை ஏறிய கார் என்ன?

அக்காதான் பூசை செய்யாமல் வீதியில் இறக்கக் கூடாது என்றார். பதின்மூன்று வயசுக் காருக்குப் புதுக்கார்ப் பூசையா என்று கேட்டேன்.

"உமக்குப் புதுசுதானே தம்பி," என்றார்.

ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினோம். ஐயர் சந்தனம் வைத்தார், மாலை போட்டார். நான்கு டயருக்கும் கீழே நான்கு தேசிக்காய். நான் அவற்றின் மேலே ஏற்றி ஓட்ட, அக்கா தேங்காயைச் சிதற அடித்தார். பக்கத்து விளக்குக் கம்பத்தில் குப்பை போட்டால் அபராதம் என்று ஓர் அறிவித்தல். என் விசா கேஸ் இன்னும் ஹோம் ஒபிஸில் கிடக்கிறது… விடுவேனா? வீதியைத் துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக்கிவிட்டுத்தான் புறப்பட்டேன். அக்கா சிரித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு வாரம் நாய் மட்டும்தான் மணத்தது. மூன்றாவது வாரம், புதிதாக இன்னொன்று.

அதை எப்படி விவரிப்பது? ஹீட்டரைப் போட்டதும் மெல்ல எழும்பும். வளைவில் திரும்பினால் கூடும். பவன் ஈர நாய் என்றான். நான் பவனுடைய காலுறை என்றேன். அவன் கோபித்துக்கொண்டு இரண்டு சோடியையும் தோய்த்துப் போட்டான். மணம் போகவில்லை. அக்கா மட்டும் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "புளிச்ச மணம் தம்பி," என்றார். நாற்பது பேருக்குத் தினமும் சமைப்பவர். அவருடைய மூக்கை நான் மதித்திருக்க வேண்டும்.

மதிக்கவில்லை. எனக்குப் புத்தகம் இருந்தது.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை பார்த்தவன் நான். எதற்கும் ஒரு புத்தகம் இருக்கும் என்ற நம்பிக்கை என்னை விட்டுப் போவதில்லை. நூலகத்தில் பழைய கார் பராமரிப்புப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்தேன். அதில் மணங்களுக்கென்றே ஓர் அத்தியாயம்! இனிப்பாக மணத்தால் ரேடியேட்டர் தண்ணீர் கசிகிறது. அழுகிய முட்டை என்றால் பற்றரி. கருகல் என்றால் கிளச். முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாகத் தேடிக்கொண்டு வா என்கிறது புத்தகம். நானும் கொப்பியில் கோடு போட்டுக் காரைப் பன்னிரண்டு பகுதியாகப் பிரித்தேன். ஒவ்வொரு மாலையும் ஒரு பகுதி. முழங்காலில் நின்று, தலையை உள்ளே விட்டு, மோப்பம். எதிர்வீட்டுக் கிழவர் ஜன்னல் திரையை ஒதுக்கிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டார்.

ஐந்தாவது பகுதிவரை வந்திருந்தேன். அப்போதுதான் பீற்றரின் சம்பவம்.

பீற்றர் என்னோடு ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் வெள்ளைக்காரர். நல்ல மனிதர். போன வாரத்துக்கு முந்திய வெள்ளி அவருக்கு லிஃப்ட் கொடுத்தேன். வெளியே ஐஸ் உறைகிற குளிர். இரண்டு நிமிடம் வானிலை பற்றிப் பேசினார். பிறகு ஒன்றும் சொல்லாமல், மிக மரியாதையாக, தன் பக்கக் கண்ணாடியைக் கீழே இறக்கினார். முழுவதுமாக.

எனக்குக் காது சுட்டது. அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லாததால், அவர் நினைத்ததையெல்லாம் நானே நினைத்துக்கொண்டேன். இவர்கள் சாப்பாடு… இவர்கள் வீடு… இவர்கள் கார்…

அந்த நிமிடமே எனக்குக் கருவாடு ஞாபகம் வந்துவிட்டது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன் அக்கா டூட்டிங்கில் கருவாடு வாங்கினார். அந்தப் பொதி என் பின்சீட்டில்தான் வந்தது. பிறகென்ன, வழக்கு முடிந்தது. புத்தகத்தை மூடிவிட்டேன்.

ஞாயிறு மத்தியானம் அக்கா கடைக்குப் போகக் கூப்பிட்டபோது, பவன் பக்கத்தில் நிற்கவே, வெகு பணிவாகக் கேட்டேன்:

"அக்கா, இனிமேல் கருவாடு வாங்கினால் பஸ்ஸில கொண்டு வாறீங்களே?"

பணிவுதான் மோசம். சண்டை பிடித்திருந்தால் அவரும் பிடித்திருப்பார். "ஓம் தம்பி," என்று மட்டும் சொன்னார். கடைக்கும் போகவில்லை. திங்கள் அவருக்கு லீவு. செவ்வாய்தான் நான் மேலே சொன்ன குடையும் மழையும்.

புதன், வியாழன், வெள்ளி… அதே குடை. ஒருநாள் பஸ் தரிப்பில் காரை நிறுத்தினேன். அக்கா நேர அட்டவணையை ஏதோ பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்துக்கொண்டு நின்றார். பின்னால் பஸ் வந்து ஹோர்ன் அடிக்க, நான்தான் நகர வேண்டியதாயிற்று. பவன் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மச்சான், வேற வீடு பாக்கத் தொடங்குவமோ?" என்றான். அவனுக்குப் பகிடி. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அக்காவும் இல்லை, கருவாடும் இல்லை. பின்சீட்டை ஷாம்பு போட்டுத் தேய்த்தாயிற்று. கண்ணாடியில் பைன் மர வாசனை அட்டை தொங்குகிறது. மணம் மட்டும் அப்படியே! இன்னும் சரியாகச் சொன்னால், பைன் மரத்தடியில் யாரோ புளித்த கள்ளு இறக்கிவைத்த மாதிரி இருந்தது.

சனிக்கிழமை புத்தகத்தை மறுபடி திறந்தேன். இந்த முறை கடைசிப் பக்கங்கள். பழைய காரில் டிக்கியின் ரப்பர் கசிந்தால், ஸ்பெயர் டயர் இருக்கும் குழியில் மழைத்தண்ணீர் தேங்கும், அதையும் பார் என்று நான்கு வரி. பன்னிரண்டாவது பகுதி. என் கொப்பியில் கடைசிக் கோடு.

டிக்கி விரிப்பைத் தூக்கினேன். தூக்கியவன் இரண்டடி பின்னால் போனேன்.

தண்ணீர் தேங்கித்தான் இருந்தது. அதன் நடுவே, ஸ்பெயர் டயரின் மேல், ஊதிப்போன ஒரு பிளாஸ்ரிக் பை. வாய் கட்டியிருந்தது. இரட்டை முடிச்சு, அதற்கு மேலே இன்னொன்று. ஆய்வுகூடத்தில் கழிவுப் பைகளை நான் கட்டுகிற அதே முடிச்சு. கோடு போட்டுத் தேடிய நாளெல்லாம் அது என் கையாலேயே கட்டப்பட்டுக் கிடந்திருக்கிறது.

உள்ளே நசுங்கிய நான்கு தேசிக்காய். பொறுக்கியெடுத்த தேங்காய்த் துண்டுகள், ஒன்றுகூட விடாமல். மேலே பச்சையும் சாம்பலுமாகப் பூஞ்சணம். மாலையாக இருந்த ஒரு கூழ்.

அன்று கோயில் வாசலைச் சுத்தமாக்கினேன் அல்லவா? சுத்தமாக்கியதை எங்கே வைத்தேன் என்று நீங்களாவது கேட்டிருக்கலாம்! விரிப்பில் சாறு படக்கூடாது என்று, பத்திரமாக, குழிக்குள் வைத்தேன். பிறகு லண்டன் வாகன நெரிசலில் முதன்முதலாகச் சொந்தக் காரை ஓட்டிய பயம்… வீடு வந்து சேர்ந்தபோது என் பெயரே எனக்கு மறந்திருந்தது.

நிமிர்ந்தேன். சமையலறை ஜன்னலில் கமலாக்கா. கையில் அரிசிச் சட்டி. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

பையைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். மன்னிப்புக்கு ஏதாவது முன்னுரை வேண்டும் என்று யோசித்துக்கொண்டே போனேன். வாசலில் வைத்ததும் பையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"உம்மட புத்தகத்தில இதுக்கு என்ன பேர் போட்டிருக்கு?"

"பேர் போடேல்லை அக்கா. பிழை என்ர. கருவாட்டில பழியைப் போட்டிட்டன்."

"கருவாட்டிலயோ?" என்றார்.

அவர் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்தபடி சொன்னார்: "பஸ்ஸில எனக்குப் பக்கத்து சீட் வெறுமையா இருந்தால், நான் கோட்டைத் தூக்கி என்னை நானே மணந்து பாப்பன் தம்பி. பன்னிரண்டு வருசமா இதுதான் பழக்கம். உம்மட காரில மட்டும்தான் மணந்து பாக்காமல் இருந்து வந்தனான்."

பூஞ்சணம் பிடித்த தேங்காயைவிடக் கேவலமாக என்னை உணர்ந்தது அப்போதுதான்.

அக்காவுக்கு யாரையும் நெடுநேரம் வருந்த வைக்கத் தெரியாது. பையை மறுபடி எட்டிப் பார்த்தார். உதடு துடித்தது. "தேங்காய்ச் சில்லையும் எண்ணியே பொறுக்கினனீர்?" என்று கேட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினார். பவன் மாடியிலிருந்து இறங்கி வந்து, பையைப் பார்த்து, என்னைப் பார்த்து, தோய்த்த காலுறை போட்ட தன் இரண்டு கால்களையும் காட்டினான்.

பீற்றரிடமும் நேற்றுச் சொன்னேன். அவர் அன்று கண்ணாடியை இறக்கியது, காரின் முன்னைய உரிமையாளரின் நாய்க்காகவாம். அவருக்கு நாய் மயிர் ஒத்துக்கொள்ளாதாம். தும்மல் வருமாம். நான்தான் அந்தக் கண்ணாடி வழியாக எங்கெங்கோ போய்விட்டு வந்திருக்கிறேன். மூக்கு மோப்பம் பிடிக்கும் முன்பே மனம் ஓர் ஆளைப் பிடித்துவிடுகிறது. அதிலும், பிடிக்க எளிதான ஆளை, நம் வீட்டு ஆளை.

இன்று செவ்வாய். காலையில் கமலாக்கா குடை இல்லாமல் வந்து முன்சீட்டில் ஏறினார். மடியில் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டி. மூடி சரியாகப் பூட்டவில்லை. கருவாட்டுக் குழம்பு - சந்தேகமே இல்லை, இதற்குப் புத்தகம் தேவையில்லை. மெர்ட்டன் சந்தி வருவதற்குள் கார் முழுக்க நிறைந்துவிட்டது.

அக்கா ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். "மணக்குதெண்டால் கண்ணாடியைத் திறவுமன்."

"குளிருதக்கா," என்று சொல்லி, ஹீட்டரை இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.