வெல்டாவுக்கு நிற்காத கார்

மனிதன் ஓட்டுகிற காரைக் கண்டால் வெல்டா நடுங்குவாள். ஆள் இல்லாமல் தானே ஓடுகிற கார் வந்தால் மட்டும் கையை நீட்டிக்கொண்டு நேரே ரோட்டில் இறங்குவாள். அரிசோனாவில் எங்கள் தெருவில்தான் அவற்றை ஓட்டிப் பழக்கினார்கள். என் சலவைக் கடைக்குப் பின்னால் வெல்டாவோடு கூடாரம் போட்டிருந்த வீடில்லாத கூட்டத்துக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

"குடிக்க மாட்டான், போனை நோண்ட மாட்டான், சொன்னா நிப்பான். எனக்கு வாய்ச்ச ரெண்டு புருஷனும் இப்படியா இருந்தானுங்க?" என்பாள்.

அந்த வித்தையை அவள் சார்ஜென்ட் ஹாட்சைப் பார்த்துத்தான் கற்றாள். எங்கள் ஊரில் போலீஸ்காரர்கள் விடுமுறை நாளில் அதே சீருடையோடு கம்பெனிகளுக்குக் காவல் நிற்கலாம், சம்பளம் தனி. கார் கம்பெனி வாசலில் நிற்கும் ஹாட்ச், வருகிற பெரிய மனிதர்களுக்காகக் காருக்குக் குறுக்கே நடந்து காட்டுவார். கார் நிற்கும். கைதட்டுவார்கள்.

ஒரு சாயங்காலம் வெல்டாவுக்கு அது நிற்கவில்லை.

விசாரிக்க வந்ததும் அதே ஹாட்ச்தான். உடலை எடுப்பதற்கு முன்பே டிவிக்காரர்களிடம், "திடீர்னு குறுக்க பாஞ்சுட்டாங்க. யாராலயும் நிறுத்தியிருக்க முடியாது," என்றார். முட்டிவலியோடு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனவள் பாய்ந்தாளாம்! கண்ணால் பார்த்ததை ஸ்டேஷனில் போய்ச் சொன்னேன். தலையாட்டி அனுப்பினார்கள்.

டக்சன் நகரத்திலிருந்து வெல்டாவின் மகள் ட்ரேசி வந்தாள். நஷ்ட ஈடெல்லாம் அவள் கேட்கவில்லை. அம்மா மேல் போட்ட பழியை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். என்னையும் கூட்டிக்கொண்டு கம்பெனி வாசலுக்குப் போனாள். ஹாட்ச் அங்கே காவலுக்கு நின்றிருந்தார்.

"சார், அது நிக்கும்னு எங்கம்மாவுக்கு நீங்கதானே காட்டினீங்க?"

"ஏம்மா, நான் காட்டினா? உங்கம்மாவுக்குப் புத்தி எங்க போச்சு?"

"அப்போ காரு மேல தப்பே இல்ல? அதோ ஒண்ணு வருது. போய் நில்லுங்க, பாப்போம்."

ஹாட்ச் சிரித்தார். கார் நெருங்கியது. அவர் கால் நடைபாதையை விட்டு இறங்கவில்லை.

"என்ன சார், பயமா?" என்று கேட்டுவிட்டு, நான் பிடிப்பதற்குள் ட்ரேசி தானே இறங்கிவிட்டாள்.

கார் ஒரு முழம் தள்ளி நின்றது.

ஹாட்சுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பாத்தியா, நிக்குது!" என்றவர், பாதசாரிக் கோடு இல்லாத இடத்தில் ரோட்டைக் கடந்ததாக அவளுக்கு அபராதம் போட்டார்.

அடுத்த வாரம் வழக்கை மூடினார்கள். அறிக்கையை ட்ரேசிக்கு வாசித்துக் காட்டியபோது நானும் இருந்தேன். கார் மேல் குறையில்லை என்பதற்குக் கடைசியாக ஒரு சாட்சியம் சேர்த்திருந்தார் ஹாட்ச்: இறந்தவரின் மகளுக்கு அது நின்றது.