இறங்க ஒரு மணி நேரம்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன லேப்பில் பெனிட்டாவுக்கு இது பத்தொன்பதாவது வருடம். மற்ற டெஸ்ட்டுக்கெல்லாம் மெஷின் வந்துவிட்டது. ஈ.எஸ்.ஆர். மட்டும் அங்கே இன்னும் பழைய முறைதான். மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றி, ஸ்டாண்டில் நேராக நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பதைத்தான் யாராலும் தாங்க முடிவதில்லை.

"சிவகிரி பஸ் போயிரும்க்கா, சீக்கிரம் பாருங்க" என்பார்கள்.

"அது தானா விழணும். நான் பிடிச்சுத் தள்ளவா முடியும்?" என்பாள்.

விழுவது சிவப்பணுக்கள். எடை அவற்றைக் கீழே இழுக்கும். சுற்றியிருக்கும் நீர் மேலே தாங்கும், உரசித் தடுக்கும். நல்ல உடம்பில் அவை தனித்தனியாக, அவசரமில்லாமல், ஒரு மணி நேரத்தில் பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் இறங்கினாலே அதிகம். உடம்பு சரியில்லை என்றால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விறுவிறுவென்று விழும். என்ன நோய் என்று குழாய் சொல்லாது. ஏதோ இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளும்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் தன் கணவன் தங்கப்பழத்துக்கு அவளே ரத்தம் எடுத்தாள். அவன் கொத்தனார். ஆறு மாதமாக முதுகுவலி. பேன்ட் இடுப்பில் நிற்பதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தாள். நூற்றுப் பன்னிரண்டு.

அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை. ஊசி போட்டு மரத்துப்போன ஈறு போல எல்லாம் இருந்தது. அடுத்து வந்தவருக்குச் சுகர் பார்த்தாள், மீதிச் சில்லறை கொடுத்தாள். பிறகுதான் ஒன்று தோன்றியது. குழாய் லேசாகச் சாய்ந்திருந்தாலும் அணுக்கள் ஓரமாகச் சறுக்கிச் சீக்கிரம் இறங்கிவிடும். ஸ்டாண்ட் வைத்திருக்கும் மேடை சாய்ந்திருக்கும். வேறொன்றுமில்லை. மத்தியானம் வரை அதையே பிடித்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் தங்கப்பழம் வேலைப் பையோடு வந்தான்.

"ஏங்க, இந்த மேடை சாஞ்சிருக்கான்னு பாருங்க."

"ஏட்டி, நான் போட்ட மேடையா சாயும்?"

பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து நீளவாக்கில் வைத்தான், குறுக்கே வைத்தான். ஸ்டாண்டை ஒட்டி நிறுத்தியும் பார்த்தான். ஒவ்வொரு முறையும் குமிழி நட்டநடுவில் நின்றது.

"பாத்தியா, இம்மி பிசகல! எட்டு வருஷம் ஆச்சு." அவனுக்கு ஒரே பெருமை. "ஆமா, எதுக்குக் கேட்ட?"

"சாஞ்சிருந்தா கூடுதலாக் காட்டும்." பெனிட்டா ரிசல்ட் தாளில் நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினாள். "நாளைக்கு வேலைக்குப் போவாண்டாம். திருநெல்வேலியில பெரிய டாக்டரப் பாப்போம்."

அவன் தாளைப் பார்த்தான். குழாயைப் பார்த்தான். ரசமட்டத்தை மறுபடியும் மேடைமேல் வைத்து, வெகுநேரம் குனிந்திருந்தான்.

"லேசா சாஞ்சுதான் இருக்கு போலட்டி" என்றான்.