முன்னாடி என்றால் எது முன்னாடி?

போன சனிக்கிழமை சாயங்காலம் என் வேனை விற்றிருக்க வேண்டியது. புரோக்கர் வருவதாகச் சொல்லிவிட்டார். நானும் சரி என்றுவிட்டேன். ஆனால் அன்று காலையில் எழுந்ததும் மனசு கேட்கவில்லை.

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் காய்கறி ஏற்றிக் கடை கடையாகப் போட்டுவருவதுதான் என் பிழைப்பு. வேன் போனால் அதுவும் போச்சு. எனக்குத்தான் எதற்கும் பத்து தடவை யோசிக்காமல் பதில் வராதே!

எல்லாம் ஒரு குலுக்கலில் ஆரம்பித்தது. சிவப்பு விளக்கில் நின்றால் வேன் விக்கல் வந்த மாதிரி உதறும். இதே மாதிரி வேன் ஓட்டும் காதர் பாய், எஞ்சின் கோளாறைக் காட்டும் தன் ஸ்கேனரைக் கொடுத்தார். செருகிப் பார்த்தால், மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர். அதாவது நாலில் ஒன்று வேலை செய்யவில்லை. ஸ்பார்க் பிளக்கையும் அதற்குக் கரண்ட் கொடுக்கும் காயிலையும் மாற்றச் சொன்னார் பாய். எது மூன்றாவது என்று போனில் கேட்டேன்.

"முன்னாடிலேருந்து எண்ணுங்கண்ணே. ஈஸி லா."

இந்த வேனில் எஞ்சின் சீட்டுக்கு அடியில். பின்னால் சரக்கு வைக்கிற இடத்தில் மண்டியிட்டு, சீட்டைத் தூக்கி, எண்ணி, நாலு பிளக்கையும் மாற்றினேன். மூன்றாவதில் புதுக் காயில் போட்டேன். ஸ்டார்ட் செய்தால்... அதே உதறல். ஸ்கேனரும் அதே மூன்றைத்தான் காட்டியது.

அவ்வளவுதான். ஆளாளுக்கு எஞ்சினே போச்சு என்றார்கள். என் மனைவி செல்வி, நடுரோட்டில் நிற்பதற்குள் விற்றுவிடச் சொன்னாள். புரோக்கருக்குப் போன் போட்டேன்.

ஆனால் அந்தக் காலையில் ஒரு பிடிவாதம். விற்பதென்றால் விற்கிறேன்... என்ன கோளாறு என்று தெரிந்துகொண்டு விற்கிறேன்!

ஒவ்வொரு காயிலின் ஒயராகக் கழற்றி, ஸ்டார்ட் செய்து கேட்டேன். நன்றாக இருக்கும் சிலிண்டரை நிறுத்தினால் உதறல் கூடும். செத்ததை நிறுத்தினால் ஒன்றும் மாறாது. முதலாவது – கூடியது. மூன்றாவது – அதுவும் கூடியது! செத்ததாக மெஷின் சொன்ன சிலிண்டர் உயிரோடு இருக்கிறதே? இரண்டாவதைக் கழற்றினேன். ஒரு மாற்றமும் இல்லை.

அப்போதுதான் நான் வேனின் பின்பக்கம் மண்டியிட்டிருப்பது உறைத்தது. பிறகு பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், முன்னாடின்னா எது முன்னாடி?"

"வேனுக்கு முன்னாடிதான். வேற எது?"

"நான் எனக்கு முன்னாடி இருந்ததுலேருந்து எண்ணிட்டேன்."

"நல்லவேளைண்ணே, நீங்க பல் டாக்டராகல" என்றார்.

பின்னாலிருந்து எண்ணினால் வேனின் மூன்றாவது எனக்கு இரண்டாவது! நல்ல காயிலைக் கழற்றிவிட்டுக் கெட்டதை அங்கேயே விட்டிருக்கிறேன். கழற்றிய அந்தப் பழைய காயிலையே சரியான இடத்தில் மாட்டினேன். உதறல் நின்றது. நம்பாமல் காத்தோங் வரை ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் ரேடியோவை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன். சத்தமே இல்லை.

இந்த 'முன்னாடி' நம்மை எத்தனை தடவை கவிழ்த்திருக்கிறது! "கோயிலுக்கு முன்னாடி நில்லு" என்றால் வாசலிலா, கோயில் வருவதற்கு முந்தியா? சிராங்கூன் ரோட்டில் நானும் செல்வியும் ஆளுக்கொரு இடத்தில் நின்றுகொண்டு போனில் சண்டை போட்டிருக்கிறோம். ரெண்டு பேரும் சரியான இடத்தில்தான் நின்றோம். அதுதான் கஷ்டமே. தப்பாகச் சொன்னால் கண்டுபிடித்துவிடலாம். சரியாகச் சொன்னதை வேறு பக்கத்திலிருந்து கேட்டால்?

சாயங்காலம் சொன்னபடி புரோக்கர் வந்தார். ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"நல்லாத்தானே ஓடுது. ஏன் விக்கிறீங்க?"

"விக்கலை" என்றேன்.

யோசிக்காமல் நான் ஒரு பதில் சொன்னது அநேகமாக அதுதான் முதல் தடவை.