எக்ஸ்ரே வேண்டாம் என்றேன்

கீழ்க் கடைவாய்ப் பல் வலிக்கத் தொடங்கியபோது நான் கர்ப்பமாக இருந்தேன். லீவில் வந்துவிட்டுச் சிங்கப்பூர் திரும்பியிருந்த என் கணவருக்கும் எனக்கும் மட்டும்தான் அது தெரியும். கூடவே இருக்கும் மாமியாருக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்று நாங்கள் இருவரும் போனிலேயே பேசி முடிவு செய்திருந்தோம்.

அதற்கு முன் இரண்டு முறை தங்கிக் கலைந்திருந்தது. இரண்டு முறையும் அத்தையிடம்தான் முதலில் சொன்னோம். ஒரு நல்ல சேதியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு அவரால் தூங்க முடியாது. விடிந்ததும் மல்லிகைக் கூடையோடு கீரமங்கலம் பூக்கடைக்குப் போவார். பூவை எடை போட்டு முடிப்பதற்குள் கடைக்கு வந்த அத்தனை பேருக்கும் என் சேதி தெரிந்துவிடும். கலைந்த பிறகு, சேதி போன அதே வழியாக அனுதாபம் திரும்பி வந்தது. பஸ்ஸில், ரேஷன் கடையில், கோயிலில், எங்கே பார்த்தாலும் ‘போகட்டும் ஆத்தா, இன்னும் வயசிருக்கு’ என்றார்கள். அவர்கள் நல்லவர்கள்தான். எனக்கோ அவர்களைக் கடித்துக் குதற வேண்டும்போல இருந்தது. அதனால்தான் இந்த முறை ஐந்தாம் மாத ஸ்கேன் முடியும்வரை மூச்சு விடுவதில்லை என்று இருந்தோம்.

பல்லுக்கு அதெல்லாம் தெரியுமா? ஆலங்குடியில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்த பல் கிளினிக்குக்கு அத்தைதான் கூட்டிப் போனார். உள்ளேயும் வந்து என் காலடியில் நின்றுகொண்டார். நாற்காலியைச் சாய்த்ததும் பல் டாக்டர் முதலில் கேட்டதே கர்ப்பமா என்றுதான். அத்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, இல்லை என்றேன். அப்படியானால் எக்ஸ்ரே எடுத்துவிட்டு ரூட் கெனால் செய்துவிடலாம் என்றார். எக்ஸ்ரே வேண்டாம் என்றேன். ஏன் என்றார். வேண்டாம் மேடம், எடுக்காமல் பாருங்கள் என்றேன். எனக்கே என் பேச்சு கேனத்தனமாகத்தான் பட்டது. ஆனால் வேறு எதைச் சொல்வது?

அந்த டாக்டரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. இப்படித்தான் முன்பு ஒருவர் எக்ஸ்ரே வேண்டாமென்று அடம்பிடித்து, பிறகு கோளாறானதும் ஊரெல்லாம் இந்த டாக்டரைத் திட்டித் தீர்த்தாராம். அதைச் சொல்லிவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

“நான் சொல்றதுல நம்பிக்கை இல்லைன்னா நீங்க வேற இடத்துல பாத்துக்கங்க. இனிமே இங்க வர வேண்டாம்.”

வழி நெடுக அத்தை என்னைத் திட்டினார். படித்த பிள்ளை எக்ஸ்ரேக்கு இப்படிப் பயப்படலாமா என்று கேட்டார். நான் பயந்தாங்கொள்ளி ஆனேன், திமிர் பிடித்தவளும் ஆனேன்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். பல்வலியையும் அதோடு சேர்த்திருக்கலாம். தன்னைக் கேட்காமல் ஒரு மாத்திரைகூடப் போடக்கூடாது என்று, அத்தைக்குத் தெரியாமல் நான் போய்ப் பார்த்த பிரசவ டாக்டர் சொல்லியிருந்தார். அத்தை வாங்கி வந்த வலி மாத்திரையை வாயில் போடுவதுபோல் போட்டு, கொல்லைப் பக்கம் போய்த் துப்பினேன். கிராம்பை வைத்து அழுத்தினேன். உப்புத் தண்ணீரைக் கொப்பளித்துக் கொப்பளித்து நாக்கு வெந்துபோனது. ராத்திரியெல்லாம் சுவரோரம் உட்கார்ந்து ஒரு கையால் தாடையையும் மறு கையால் அடிவயிற்றையும் பிடித்துக்கொண்டிருப்பேன். இதில் எது என்னைக் கைவிடப் போகிறது என்று தெரியாமல் அழுதேன். பிறகு கன்னம் வீங்கிக் கண்ணை மறைத்தது. காய்ச்சலும் வந்தது.

அத்தை பால் கறக்கப் போன நேரத்தில் பிரசவ டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஈய உடுப்பைப் போர்த்தி எடுத்தால் எக்ஸ்ரேயால் ஒன்றும் ஆகாது, இந்தச் சீழ் ரத்தத்தில் கலந்தால்தான் குழந்தைக்கு ஆபத்து, இன்றைக்கே போய் கர்ப்பம் என்று சொல்லிக் காட்டு என்றார். பக்கத்தில் வேறு பல் டாக்டர் இல்லாததால் உடனே அதே பல் கிளினிக்குக்குப் போன் போட்டேன். என் பெயரைக் கேட்டதுமே அங்கிருந்த பெண் வைத்துவிட்டாள்.

நேரில் போனோம். அத்தை என்னைத் தனியாக விடவில்லை. பெஞ்சு நிறைய ஆட்கள், அதில் பூக்கடையில் அத்தையோடு பழகும் இரண்டு பெண்கள். டோக்கன் கொடுக்கும் பெண் தலையை நிமிர்த்தவே இல்லை.

“மேடம் ஒங்களைப் பாக்க மாட்டேன்னு சொல்லீட்டாங்கக்கா.”

ஒரு நிமிஷம் டாக்டரிடம் தனியாகப் பேச விடுங்கள் என்றேன். முடியாது என்றாள். எக்ஸ்ரேதானே, எடுத்துக்கொள்ளட்டும், நான் சொல்கிறேன் என்று அத்தை அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அதற்கும் அவள் அசையவில்லை. இனி மறைத்து எதைக் காப்பாற்றப் போகிறோம் என்று ஆகிவிட்டது.

“நான் முழுகாம இருக்கேன். அதனாலதான் எக்ஸ்ரே வேண்டாம்னேன். காய்ச்சல் அடிக்குது, உள்ள போய்ச் சொல்லுங்க.”

பூக்கடைப் பெண்கள் வாயைத் திறப்பதற்குள் அத்தை அவர்கள் பக்கம் திரும்பிவிட்டார்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. வலியில ஒளறுது.”

என் மணிக்கட்டை அவர் பிடித்திருந்த பிடி அப்படி வலித்தது. சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். வீங்கிய கன்னத்தைப் பார்த்தவர், மேற்கொண்டு எதுவும் கேட்காமல் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். உடுப்பைப் போர்த்தி எக்ஸ்ரே எடுத்தார். பிரசவ டாக்டரிடம் போனில் பேசிவிட்டு ஊசி போட்டுச் சீழை எடுத்தார். அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா என்று மட்டும் கேட்டார். வர வேண்டாம் என்று சொன்னதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் பாதி தூரம்வரை அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“என் வாயாலதான் ரெண்டும் போச்சுன்னு நெனச்சியா ஆத்தா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்வதற்கு என்னிடம் தெம்பில்லை.

“நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்” என்றார்.

மகள் பிறந்த அன்று பிரசவ வார்டுக்குப் பூக்கடைப் பெண்கள் பார்க்க வந்தார்கள். என்ன குழந்தை என்று அத்தையைக் கேட்டார்கள். அத்தை வாயைத் திறக்காமல் கட்டிலில் கிடந்த என்னைப் பார்த்தார். நான் தலையசைத்த பிறகுதான், “பொம்பளப் புள்ள” என்றார்.