காலேஜ் ஆபீஸில் நான் சொன்ன பெயர்

அரைக்காசு அம்மனை நம்பி நடக்கிற என் சகோதரிகளுக்கும், இதைப் படிக்கிற பெரியவர்களுக்கும் திருக்கோகர்ணம் விசாலாட்சியின் நமஸ்காரம். அந்தத் தாய் எனக்குச் செய்ததை நாலு பேரிடம் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவள். அதனால் எழுதுகிறேன்.

ரங்கூனில் குண்டு விழுந்த வருஷம் அது. என் வீட்டுக்காரர் அங்கே ஒரு மர ஆலையில் மேஸ்திரியாக இருந்தார். மார்கழியில் குண்டு விழுந்தது. அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு வரி இல்லை. தை போயிற்று, மாசி போயிற்று. பர்மாவிலிருந்து காட்டு வழியாக நடந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பினார்கள். யார் வந்தாலும் ஓடுவேன். யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டார் என் கழுத்தைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அந்தப் பார்வையை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் நார்த்தாமலை. என் ஒரே மகன் சோமுவின் படிப்புக்காகத் திருக்கோகர்ணத்தில் வாடகைக்கு இருந்தோம். அந்த வருஷம் அவன் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதியிருந்தான்.

பரீட்சைக்கு முன்பே காலேஜ் கணக்குப் புரொபஸர் ஒருவர் ஹைஸ்கூலுக்கு வந்து பையன்களைப் பார்த்தாராம். பெண் பார்க்க வந்தவர் மாதிரி ஒவ்வொருவனையும் எழுந்து நிற்கச் சொல்லி, போர்டில் கணக்குப் போடச் சொல்லி, இங்கிலீஷ் வாசிக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார். சோமு ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு, எந்த வரியில் தப்பு என்று தேடி அந்த வரியை மட்டும் அழித்தானாம். மற்றவர்கள் எல்லாம் போர்டையே துடைத்துவிட்டார்கள். "மார்க்கை யார் வேணும்னாலும் பாக்கலாங்க. நான் பையன் எப்படி அழிக்கிறான்னு பாக்குறேன். இவனை எனக்கு விட்ருங்க" என்று ஹெட்மாஸ்டரிடம் கேட்டாராம். சோமு இதை என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பான். நானும் பத்துத் தடவையும் புதிதாகக் கேட்பது போலக் கேட்டேன்.

ரிசல்ட் வந்தது. காலேஜில் சேரத் தகுதி உண்டு என்பதற்கு அப்போது 'எலிஜிபிள்' என்பார்கள். சோமு எலிஜிபிள். ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலேஜுக்கு வரச் சொன்னார்கள். அன்றைக்குத்தான் கடைசி நாள். சமஸ்தானத்துப் பிள்ளை என்பதற்குக் கிராமத்தில் எழுதி வாங்கிய சான்றும், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமும் கொண்டு போனோம். உள்ளே மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் பிரின்சிபால், ஒரு பக்கம் அந்தக் கணக்குப் புரொபஸர், இன்னொரு பக்கம் ஹெட் கிளார்க். கிளார்க்குக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் ஊருக்கே கேட்கிற குரலில் பேசுவார்.

அவர் புத்தகத்தைப் பார்த்தார். சான்றைப் பார்த்தார். மறுபடியும் புத்தகத்தைப் பார்த்தார்.

"என்னம்மா இது? இதுல ஒரு அப்பன் பேரு, அதுல ஒரு அப்பன் பேரு. பையனுக்கு ரெண்டு அப்பனா?"

வெளியே வராந்தாவில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. சோமுவின் முகம் செத்துவிட்டது.

புத்தகத்தில் தகப்பனார் பெயர் நடராஜன் என்று இருந்தது. என் வீட்டுக்காரர் பெயர் நடராஜன் இல்லை.

சகோதரிகளே, உங்களுக்குப் புரியும். புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்தவர்கள் நம்மை. சோமுவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க நான்தான் தனியாகப் போனேன். வாத்தியார் அப்பா பெயர் என்ன என்று கேட்டார். நான் என்ன செய்வேன்? "நடராஜர் ஆடுற ஊருங்க" என்றேன். ஊர்ப் பெயரை விட்டுவிட்டுச் சாமி பெயரை எழுதிக்கொண்டார் மனுஷர். சோமுவின் பெயருக்கு முன்னால் இங்கிலீஷில் 'N' போட்டார்கள். நார்த்தாமலைக்குத்தான் 'N' என்று நான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்! சோமுவுக்குத் தெரியுமாம். திருத்தச் சொன்னால் வாத்தியார் அடிப்பார் என்று பயந்து சொல்லாமலே இருந்துவிட்டான்.

நடந்ததைச் சொன்னேன். புரொபஸர் சிரித்துவிட்டார். "எங்க வீட்லயும் என்னைய 'இந்தாங்க'தான்" என்றார். ஆனால் பிரின்சிபால் சிரிக்கவில்லை. நல்ல மனுஷர்தான். சட்டம் பார்க்கிறவர்.

"தகப்பனார் ஊரில் இல்லை. பையன் மைனர், அவன் சொல்வது செல்லாது. தாயார் தன் வாயால் இங்கே சொல்ல வேண்டும். கிளார்க் எழுதிக்கொள்வார், நாங்கள் இருவரும் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறோம். இல்லையென்றால் இந்த இடத்தை அடுத்த பையனுக்குக் கொடுக்க வேண்டியதுதான்."

புரொபஸர் பதறிப்போய், "சார், நான் பாத்து எடுத்த பையன் சார்" என்றார். பிரின்சிபால் கொஞ்சம் யோசித்து, "சாயங்காலம் நாலு மணி வரைக்கும்" என்றார்.

எழுதிக் காட்டலாமே என்பீர்கள். எழுதினாலும் எனக்கு அது சொன்னது மாதிரிதான். அவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத நேரம். இருக்கிற உயிரை நானே என் வாயால் அறுத்துவிடுவேனோ என்று நடுங்கினேன். சோமு, "காலேஜு வேணாம்மா. அப்பா வந்தாப் போதும்" என்றான். அது இன்னும் தாங்கவில்லை.

வேகாத வெயிலில் அம்மன் கோயிலுக்கு ஓடினேன். நடை சாத்தியிருந்தது. வெளியிலேயே நின்று அழுதேன். தொலைந்த பொருள் கிடைக்க அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வைத்து வேண்டிக்கொள்வது நம் வழக்கம். ஆறு மாதமாக நானும் வெல்லம் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். வேண்டும்போதும் "அவுகளக் கொண்டாந்து விடு ஆத்தா" என்பேனே தவிரப் பெயரைச் சொன்னதில்லை. அன்றைக்குப் பெயரைச் சொல்லியே வேண்டிக்கொண்டேன்: "ஆத்தா, இந்தப் பேர இன்னைக்கி வெளிய விடப்போறேன். இனிமே அந்த உயிர் ஒன் பொறுப்பு. புள்ள படிப்பும் ஒன் பொறுப்பு. எனக்குப் பயமா இருக்கு. நீ கூட வா."

வேறெதுவும் கேட்கவில்லை. ஆபீஸுக்குத் திரும்பினேன். கால் மட்டும் எப்படியோ நடந்தது.

கிளார்க் பேனாவை மையில் தொட்டுக்கொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தேன்.

"கேக்கலை. சத்தமாச் சொல்லு."

இன்னொரு தடவை சொன்னேன்.

"அட, சத்தமாச் சொல்லும்மா!"

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ தெரியாது. "சிதம்பரம்! நார்த்தாமலை சிதம்பரம்! ரங்கூன் மர ஆலை மேஸ்திரி சிதம்பரம்! போதுமா?" என்று கத்திவிட்டேன். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வராந்தாவிலிருந்து ஒருவர் எழுந்து வாசலுக்கு வந்தார். மகனைச் சேர்க்க வந்திருந்த கோட்டைப்பட்டினத்து மரைக்காயர். கன்னமெல்லாம் ஒட்டி, தடி ஊன்றிக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, எந்தச் சிதம்பரம்? எடது கையில சுண்டுவெரல் பாதி இருக்காதே, அவரா?"

ரம்பத்தில் போன விரல் அது. நான் எழப் பார்த்தேன். சோமுதான், "ஆமாங்க, எங்கப்பாதாங்க" என்று கத்தினான்.

"உசுரோட இருக்காரு தங்கச்சி. மலைப் பாதையில ஒண்ணாத்தான் நடந்தோம். அஸ்ஸாம் ஆஸ்பத்திரியில காய்ச்சலாக் கெடக்காரு. எந்திரிக்க முடியல, பேனா பிடிக்க முடியல. நான் கெளம்பையில கஞ்சி குடிச்சாரு, என் கையால குடுத்தேன். இந்த வேலைய முடிச்சிட்டு நார்த்தாமலைக்குப் போயி ஒங்களத் தேடணும்னு இருந்தேன். அல்லா இங்கயே கொண்டாந்து விட்டான்."

பிரின்சிபால் எழுந்து நின்றுவிட்டார். புரொபஸர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிளார்க் மட்டும், "என்ன சொல்றாரு? என்ன சொல்றாரு?" என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவரை நான் அன்றைக்குத் திட்டாத திட்டில்லை. இப்போது வருஷா வருஷம் அவர் வீட்டுக்குப் பொங்கல் வெல்லம் போகிறது. அவருக்குக் காது நன்றாகக் கேட்டிருந்தால் நான் வாய்க்குள் சொல்லிவிட்டு வந்திருப்பேன். மரைக்காயருக்குக் கேட்டிருக்காது. நார்த்தாமலையில் அவர் எங்களைத் தேடியிருந்தால் பூட்டிய வீட்டைத்தான் பார்த்திருப்பார்.

சோமுவுக்கு இடம் கிடைத்தது. மரைக்காயர் சொன்ன ஆஸ்பத்திரிக்குத் தந்தி அடித்தோம். ஐப்பசியில் என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார், எலும்பும் தோலுமாக. கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் அம்பாள் முன்னால் நிறுத்தினேன். "இந்தா, ஒன் பொறுப்ப ஒப்படச்சிட்டே, ஆத்தா" என்று அழுதேன். சோமு பி.ஏ. கணக்கு முடித்து இப்போது அதே காலேஜில் டியூட்டராக இருக்கிறான். புதுப் பையன்களைப் பார்க்கப் போகும்போது புரொபஸர் அவனையும் கூட்டிக்கொண்டு போகிறார்.

நடந்ததை எல்லாம் என் வீட்டுக்காரரிடம் ஒரு நாள் பயந்து பயந்து சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவரோ, "எங்கே, எனக்கு ஒரு தடவை சொல்லு. ஊரே கேட்டுச்சு, நான் கேக்கலையே" என்றார். சொல்ல வாய் வரவில்லை, வெட்கமாகப் போய்விட்டது. அவரும் விடவில்லை. கடைசியில் சொன்னேன். என் வீட்டுக்காரர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு கஷ்டம் இருக்கும், வெளியே சொல்ல முடியாததாக இருக்கும். பூடகமாக வேண்டிக்கொண்டு நிற்காதீர்கள். நம் தாய்தானே, என்ன கூச்சம்? வாய்விட்டு, பெயர் சொல்லிக் கேளுங்கள்.