தோற்கத் தெரியாத ஹீரோ

போன வாரம் நான் ஒரு வீடியோ கேமில் ஜெயித்தேன். எப்படி என்று கேளுங்கள். போன் மேஜைமேல் கிடந்தது. நான் ஜன்னலோரம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன்!

நடந்தது பாலக்கரையில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில். என் அக்கா மகள் நிவேதாவும் அவளுடைய நண்பர் யாசினும் அங்கே கேம் கம்பெனி நடத்துகிறார்கள். கம்பெனி என்றால் இரண்டு கம்ப்யூட்டர், மனசு வந்தால் ஓடுகிற ஒரு ஏசி. யாசின் துபாய் வேலையை விட்டுவிட்டு வந்தவர். "ஒரு படத்தோட கேம் கிடைச்சா போதும் மேடம், நின்னுருவோம்" என்பார்.

கிடைக்கிற மாதிரியும் இருந்தது. ஊரே விசிலடித்துப் பார்த்த அந்த லாரி டிரைவர் படம்தான். திருவெள்ளறைப் பக்கத்துத் தோட்டத்தில் வாழைத்தார் ஏற்றி, வில்லனின் ஆட்கள் துரத்தத் துரத்த, கொள்ளிடம் பாலம் தாண்டி மார்க்கெட்டில் கொண்டுபோய் இறக்குகிற ஹீரோ.

அன்று மாலை தயாரிப்பாளரின் மேனேஜர் சென்னையிலிருந்து வந்து பார்க்கப் போகிறார். பிடித்தால் கான்ட்ராக்ட். பிடிக்காவிட்டால் மாடியைக் காலி செய்துவிட்டு நிவேதா பெங்களூருக்கு வேலைக்குப் போக வேண்டியதுதான். கேம் பக்கமே போகாத ஒருத்தி ஆடிப் பார்க்கட்டும் என்று ஸ்ரீரங்கத்திலிருந்து என்னை வரவழைத்திருந்தாள்.

ஆடினேன். ஆட எங்கே விட்டார்கள்? முதலில் ஹீரோவின் என்ட்ரி பாட்டு. அப்புறம் பஞ்ச் டயலாக். லாரியில் ஏறினால் இன்னொரு பஞ்ச். தியேட்டரில் நானும் கைதட்டிய டயலாக்தான்... ஆனால் ஒவ்வொரு முறை வண்டியை ஸ்டார்ட் பண்ணும்போதும் சொன்னால்? பெற்ற தாய்க்கே அலுத்துப்போகும்.

ஒருவழியாக லாரி கிளம்பியது. வளைவில் நான் திருப்பவில்லை. லாரி தானாகத் திரும்பியது. ரவுடிகள் வந்து மோதினார்கள். அவர்களே விழுந்தார்கள். எனக்குச் சந்தேகம் வந்து, போனைக் கீழே வைத்துவிட்டு டீயை எடுத்துக்கொண்டேன். பாதி டம்ளர் காலியாவதற்குள் ஹீரோ மார்க்கெட்டில் மாலையும் கழுத்துமாக நின்றார்.

"என்ன நிவி இது? தோக்கவே முடியலையே?"

"தோக்கக் கூடாதுங்கறதுதான் சித்தி கண்டிஷனே. ஹீரோ கீழ விழுந்தா ரசிகர்கள் கொதிச்சுடுவாங்களாம். மேனேஜர் போன்ல அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார்."

இந்தத் தப்பை நம்மவர்களைத் தவிர வேறு யார் செய்வார்கள்? பேனரில் தலைவர் மூக்கருகே ஒரு கிழிசல் விழுந்தாலே ரோட்டில் உட்கார்ந்துவிடுகிற கூட்டம் நாம். அந்த பயம் கேமுக்குள்ளும் புகுந்துவிட்டது.

நான் அடித்துச் சொல்கிறேன். படத்தைக் கேமாக்குவது என்றால் படத்தில் இருப்பதையெல்லாம் அள்ளிக் கொட்டுவது இல்லை. படம் பார்க்கும்போது நமக்குக் கை துறுதுறுத்ததே — அந்த இடத்தைப் பிடிப்பதுதான். பாலத்துக் காட்சியில் தியேட்டரே எழுந்து நின்று, "பின்னாடி பாருய்யா!", "லெஃப்ட்ல ஒடிய்யா!" என்று கத்தியது. ஹீரோ கேட்டாரா? எப்படிக் கேட்பார், அது படம். கேமில் அவர் கேட்டாக வேண்டும். நாம் தப்பாகச் சொன்னால் தப்பாகவே திரும்பி விழவும் வேண்டும். இல்லையென்றால் இன்னொரு டிக்கெட் வாங்கிப் படத்தையே பார்த்துவிடலாமே... கேம் எதற்கு?

இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. யாசின் தயங்கித் தயங்கித் தன் போனை நீட்டினார். "நாங்க முதல்ல பண்ணது இதுதான் மேடம்."

அது வேறு கேம். வளைவில் அசந்தால் வாழைத்தார் சரிகிறது. அவசரமாக பிரேக் அடித்தால் லாரி மணலில் வழுக்குகிறது. பாலம் வரைக்கும்கூட நான் போகவில்லை. ஹீரோ ரோட்டில் கிடந்தார், சுற்றிலும் வாழைக்காய். எனக்கு வந்த ரோஷம் இருக்கிறதே! உடனே மறுபடி ஆரம்பித்தேன்.

"இதையே அவர்கிட்ட காட்டுங்களேன்" என்றேன்.

"கான்ட்ராக்ட் போயிரும் மேடம். சொன்னதைக் கேக்கலன்னு கோவிச்சுக்குவார்."

நிவேதா என் கையிலிருந்து போனை வாங்கினாள். பிறகு சொன்னாள்: "தோக்காத ஹீரோவைக் காட்டி கான்ட்ராக்ட் வாங்கினாலும், அதை ஒருத்தரும் ரெண்டாவது தடவை ஆட மாட்டாங்க யாசின். நம்ம பேரும் அதோட போயிரும். முதல்ல பண்ணதையே காட்டிருவோம்."

யோசனை சொல்வது சுலபம். பெங்களூருக்குப் பெட்டி கட்டப்போவது நானில்லையே!

மேனேஜர் வந்தார். அவருடைய போனின் பின்பக்கம் ஹீரோவின் படம் ஒட்டியிருந்தது. போச்சுடா என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடத் தொடங்கினார். பாலம் வரை நன்றாகவே போனார். பாலத்தில் லாரி சாய்ந்தது. தார்கள் உருண்டன. ஹீரோ குப்புற விழுந்தார்.

"என்னங்க இது... தலைவர் விழுறாரு?" குரலில் சூடு ஏறிவிட்டது.

"படத்துலயும் இன்டர்வெல்லுக்கு முன்னாடி அடி வாங்குறாரே சார்" என்றாள் நிவேதா. "அப்ப நீங்க எந்திரிச்சுப் போயிட்டீங்களா?"

"நான் ஏங்க போறேன்? திருப்பி அடிப்பாருன்னு தெரியுமே."

"இங்க நீங்கதான் சார் திருப்பி அடிக்கணும்."

அவர் கட்டைவிரல் மறுபடி ஸ்டார்ட்டை அழுத்தியது. ஹீரோ விழுந்தார். இவர் மறுபடி அழுத்தினார். கீழே கார் டிரைவர் ஹாரன் அடித்தபோது ஜன்னல் பக்கம் திரும்பி, "இருய்யா, பாலத்தைத் தாண்டிட்டு வரேன்!" என்று கத்தினார். யாசின் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சினிமாவில் ஹீரோ ஜெயித்தால் ஒன்ஸ் மோர் கேட்கிறோம். கேமில் அவர் தோற்றால்தான் கேட்போம்.

கான்ட்ராக்ட் உறுதியாகிவிட்டது. காரில் ஏறும்போது மேனேஜர் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார் — தலைவர் எத்தனை தடவை வேண்டுமானாலும் விழலாமாம்... கூலிங் கிளாஸ் மட்டும் உடையக் கூடாதாம்!