மாவுக்குப் போட்ட குரங்குக் குல்லா

கொல்கத்தாவில் டாலிகஞ்ச் மெட்ரோ நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். தொடாமலேயே தூரம் அளக்கும் கருவிகள் செய்கிறோம். லேசர் நேராகக் கீழே ஒரு சிவப்புப் புள்ளி வைக்கும். பக்கத்திலிருந்து ஒரு கேமரா அதைச் சாய்வாகப் பார்க்கும். பரப்பு துளி உயர்ந்தாலும் படத்தில் புள்ளி நகரும். நகர்ந்த அளவை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

அந்த ஜனவரியில் ஒரு ரொட்டித் தொழிற்சாலைக்காரர் கருவியைப் பார்க்க வருவதாக இருந்தது. மாவு எவ்வளவு உப்புகிறது என்று அவருக்கு அளக்க வேண்டுமாம். நானோ சென்னைக் கிளைக்கு மாற்றல் கேட்டு ஆறு மாதமாக மேனேஜரை நச்சரித்துக்கொண்டிருந்தேன்.

"முதல்ல இந்த ஆர்டர் கிடைக்கட்டும். அப்புறம் உன் மாற்றலைப் பத்திப் பேசலாம்" என்றார்.

காட்டுவதற்கு மாவு வேண்டும். ஈஸ்ட் வாங்க ஆள் அனுப்பப் போனார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஈஸ்ட் எதுக்கு? இட்லி மாவு கொண்டுவரேன், தானாப் பொங்கும்" என்று வாயைக் கொடுத்தேன். சென்னையில் பாத்திரம் வழியப் பொங்கும் மாவையே பார்த்து வளர்ந்தவளுக்கு, கொல்கத்தாவில் குளிர்காலம் என்று ஒன்று இருப்பது அந்த நேரம் பார்த்து மறந்துபோயிற்று.

மறுநாள் காலை பாத்திரத்தைக் கருவிக்கு அடியில் வைத்தேன். ஈரத்தில் புள்ளி கலங்கித் தெரிந்ததால் மேலே கொஞ்சம் அரிசி மாவு தூவினேன். புள்ளி பளிச்சென்று நின்றது. நின்றதுதான், நகரவே இல்லை.

அம்மாவுக்குப் போன் செய்து, ஈஸ்ட் வேண்டாமென்று நான் வாயைக் கொடுத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"குளிர்ல மாவு எங்கடி பொங்கும்?" என்றவள், உடனே, "மாற்றல் வந்துடும்ல?" என்றாள்.

கருவிகளின் பாகங்களைப் பொருத்தித் தரும் தாதா வந்தார்; வங்காளத்தில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அக்டோபரிலேயே குரங்குக் குல்லா மாட்டிக்கொள்ளும் மனிதர். பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்து, "டாண்டா லேகே கேச்சே" என்றார். குளிர் பிடித்துவிட்டதாம். தன் குல்லாவைக் கழற்றி மூடிய பாத்திரத்துக்கு மாட்டி, கம்ப்யூட்டரின் சூடான காற்று வரும் பக்கமாக நகர்த்தி வைத்தார். மூன்று மணி நேரம் வெறுந்தலையோடு தும்மிக்கொண்டே காவல் இருந்தார்.

ரொட்டிக்காரர் வந்ததும் குல்லாவையும் மூடியையும் எடுத்துவிட்டு, பாத்திரத்தை மறுபடி கருவிக்கு அடியில் வைத்தோம். திரையில் மாவின் உயரத்தைக் காட்டும் கோடு மெல்ல மேலே ஏறியது. அவர் அரை மணி நேரம் கண்ணெடுக்காமல் பார்த்தார். அங்கேயே ஆர்டரும் கொடுத்தார்.

அவர் போனதும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"அவங்க தொழிற்சாலையில கருவியை மாட்டிக் கொடுக்கணும். மாவைப் பத்தித் தெரிஞ்சவ இங்க நீ ஒருத்திதான். உன்னை எப்படி சென்னைக்கு அனுப்புறது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியே வந்து அம்மாவை அழைத்தேன்.

"மாவு பொங்குச்சா?"

"பொங்குச்சும்மா."

"அப்ப மாற்றல்?"

"பொங்கினதாலதான் இல்லைன்னுட்டாங்க."

"ஈஸ்டையே வாங்கவிட்டிருக்கலாம்ல?" என்றாள் அம்மா.